எட்டுத் தாளில் மச்சினன்

என் மச்சினனை எட்டுத் தாளில் அடுக்கி வைத்தவன் நான்தான். முழு மச்சினனையும் அல்ல. அவன் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துணுக்கை மட்டும். மீதி மச்சினன் அந்த நேரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று தன் அக்காளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். அந்த அக்காள் என் மனைவி.

இதில் ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் குடும்பத்தில் சிரிப்பார்கள் என்பது தெரியும். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் காகிதம் வெட்டி, புத்தகம் கட்டியவன் நான். அங்கே நடந்தவற்றை நடந்தபடி சொன்னதற்கே எனக்குப் புளுகன் என்று பெயர் வந்தது. ஒரு முறை மதிய வெயிலில் ஜன்னலோரம் நின்ற மெய்ப்புத் திருத்துபவரின் நிழல் என் வெட்டும் இயந்திரத்துக்குள் விழுந்து, தோளோடு நறுக்கென்று போய்விட்டது. மனிதர் ஒரு வாரம் மேகமூட்டம் பார்த்துத்தான் வெளியே கிளம்பினார். அப்புறம் நான் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தேன். பழைய நிழலுக்குக் கூன் இருந்தது. நான் ஒட்டியது நேராக இருந்தது.

இதைச் சொன்னால் மச்சினன் வலது காலால் தரையை அழுத்துவான். அவன் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்தியவன். பழகுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்திருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே காலத்தை ஓட்டியவன். எதிரில் இருப்பவர் வேகம் மிஞ்சுகிறார் என்று தோன்றினால், நாற்காலியோ சோபாவோ, கால் தானாக இறங்கும். நாற்பது வருஷமாக என் கதைகளுக்கு அழுத்தி அழுத்தி, அவன் உட்காரும் இடத்தில் எங்கள் வீட்டுத் தரை அரை விரற்கடை பள்ளமாகிவிட்டது. சந்தேகமிருந்தால் வந்து ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்க்கலாம்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன் என்பதால் வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் எங்களோடு வந்துவிட்டான். கட்டியை அறுத்து எடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் தாள் வருகிறது.

என் மருமகள், அதாவது மகனின் மனைவி, ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் மூன்று அறை கொண்ட சோதனைக்கூடம் நடத்துகிறாள். நோயாளியின் கட்டியிலிருந்து செல்களை எடுத்து, உடம்புக்கு வெளியே வளர்த்து, எந்த மருந்துக்கு அவை சாகின்றன என்று பார்ப்பது அங்கே வேலை. மற்ற இடங்களில் இதற்குப் பெரிய இயந்திரங்களும், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தட்டுகளும் வேண்டும். இவளுக்கு அதற்கெல்லாம் வசதி இல்லை. வடிதாளை எடுத்துக்கொண்டாள்.

வடிதாளில் மெழுகால் சட்டைப் பொத்தான் அளவு வட்டங்கள் அச்சிட்டுச் சூடு காட்டினால், மெழுகு உள்ளே இறங்கி மதிலாகிவிடும். வட்டத்துக்குள் செல்கள் கலந்த கூழை ஒரு சொட்டு விட்டால் அது மதில் தாண்டாது. அப்படி எட்டுத் தாள், ஒவ்வொன்றின் மூலையிலும் எண். ஒன்றாம் எண் மேலே, எட்டாம் எண் அடியில் என்று சின்னச் சட்டத்துக்குள் அடுக்கினால் கட்டியைப் போலவே கனம் வந்துவிடும். மேல் தாளில் இருக்கும் செல்லுக்குக் காற்றும் தீனியும் உண்டு. அடித் தாளில் இருப்பதற்கு மூச்சு முட்டும். சட்டத்தின் அடியில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் மருந்து மேலேயிருந்து மட்டும்தான் இறங்க முடியும். மூன்று நாள் கழித்துத் தாள்களைப் பிரித்துச் சாயம் போட்டால் உயிருள்ள வட்டம் ஊதாவாகும். செத்த வட்டம் வெளிறி நிற்கும். மருந்து எத்தனை மாடி இறங்கி வேலை செய்தது என்று கண்ணாடி போடாமலே பார்க்கலாம். காய வைத்துக் கோப்பில் செருகியும் வைக்கலாம்.

இந்தத் தாள்களைப் பிசிறில்லாமல் ஒரே அளவில் வெட்ட மருமகள் ஆள் தேடியபோது, மகன் என்னைக் காட்டிக்கொடுத்தான். ஓய்வு பெற்றவன் வீட்டில் இருந்தால் அம்மாவுக்குத் தலைவலி என்றும் சேர்த்துச் சொன்னானாம். போனேன். நான் வெட்டியதில் ஒரு தாள், சன்னமாகிச் சன்னமாகி, இரண்டு பக்கம் இருக்க இடமில்லாமல் ஒரே பக்கத்தோடு நின்றுவிட்டது. மருமகள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு எண் அச்சிட முடியாது என்றாள்.

மச்சினனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்.

"வெளியில தெரிஞ்சதை எல்லாம் எடுத்தாச்சு. ஆழத்துல பதுங்கி இருக்கிறதுதான் பின்னால திரும்பி வரும். அதைக் கொல்ற மருந்து எதுன்னு பார்க்கணும். மாத்திரையா, டிரிப்ஸான்னு பேப்பர் டெஸ்ட் வந்ததும் சொல்றேன்."

மாத்திரை என்றால் வீட்டிலேயே தண்ணீரோடு விழுங்கலாம். டிரிப்ஸ் என்றால் ஆறு மாதம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி நாற்காலியில் ஒரு பகல். வாந்தி வரும். முடி கொட்டும். மச்சினனுக்கு அறுபத்திரண்டு வயதிலும் தலை நிறைய முடி. சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் அவன் அறுவை சிகிச்சை அறைக்குக்கூடப் போகவில்லை. எனக்கு முப்பத்தைந்திலேயே வழுக்கை. இது எங்கள் உறவில் எப்போதும் ஓரமாக நின்றுகொண்டிருக்கும் விஷயம்.

அடுக்கும் நாளில் டெக்னீஷியன் பொண்ணு அண்ணன் கல்யாணத்துக்கு லீவு. கண்ணாடித் தடுப்புக்குள் கைவிட்டு, ஈரத் தாளைக் கிழியாமல் இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டிய வேலை. மருமகள் செல்களை விட்டுக்கொடுத்தாள். நான் அடுக்கினேன். மொத்தம் மூன்று அடுக்கு: ஒன்று மாத்திரை மருந்துக்கு, ஒன்று டிரிப்ஸ் மருந்துக்கு, மூன்றாவது எந்த மருந்தும் இல்லாமல் சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. செல்களுக்குத் தீனியான சிகப்புத் திரவத்தை, மருந்து வேண்டியதில் மருந்தும் கலந்து, ஊற்றி மூடி, சூட்டுப் பெட்டியில் வைத்தோம்.

மூன்று நாள் கழித்து டெக்னீஷியன் பொண்ணு வந்து பிரித்தாள். அடுக்கை அப்படியே தூக்கித் தண்ணீர்த் தட்டில் போட்டால் தாள்கள் தாமாகப் பிரியும். பிறகு எண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்வது வழக்கம். எண் அச்சிட்டிருப்பதே யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான்.

அன்று சாயங்காலம் மருமகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் எட்டுக் கோடு போட்டாள்.

"சின்ன மாமா, இங்க பாருங்க. மேல ஒண்ணு. அடியில எட்டு. அதுக்குக் கீழ பிளாஸ்டிக். டிரிப்ஸ் எல்லாத்தையும் கொல்லுது, நல்லது கெட்டது பார்க்காம. ஆனா மாத்திரை இருக்கே, மேல இருக்கிறதை எல்லாம் விட்டுட்டு, ஏழையும் எட்டையும் மட்டும் கொன்னிருக்கு. மூச்சு முட்டுற இடத்துல போய் வேலை செய்யுது. நமக்கு வேண்டியது அதுதான்."

"அப்ப டிரிப்ஸ் வேண்டாம்?"

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட அறிக்கை கொடுக்கறேன். மாத்திரைதான் எழுதுவாங்க."

மச்சினன் சீப்பை எடுத்துத் தலையை ஒரு முறை வாரிக்கொண்டான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று அவன் அறுவைக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நான் அந்த எட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் என்று போட்டிருந்தாள். எனக்கு ஞாபகம் இருந்தது வேறு. பிளாஸ்டிக்கின் மேல் நான் வைத்தது ஒன்றை.

புத்தகம் கட்டுகிறவன் முதல் பாரத்தை, அதாவது அச்சடித்து மடித்த முதல் தாளை, முகம் குப்புற வைப்பான். அதன் மேல் இரண்டைக் குப்புற, அதன் மேல் மூன்றை. கடைசியில் மொத்தத்தையும் ஒரே புரட்டாகப் புரட்டினால் ஒன்று மேலே வந்து நிற்கும். முப்பத்தொரு வருஷம் அப்படிச் செய்த கை, கண்ணாடித் தடுப்புக்குள்ளும் அப்படியே செய்திருந்தது. புரட்டுவதற்கு மட்டும் அங்கே வழி இல்லை. மூன்று அடுக்குமே தலைகீழ். மருந்து முதலில் விழுந்தது எட்டின் மேல். அப்படியானால் மாத்திரை கொன்றது ஆழத்தில் இருந்தவற்றை அல்ல. மேலே கிடந்த இரண்டு தாளைத்தான். ஆழத்தில் இருந்தவை அது வந்ததையே கவனிக்கவில்லை.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நான் இதைச் சொல்லவில்லை. மச்சினன் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். மோர் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு அவன் கை கழுவினான். கழுவி முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முடிவு என்று ஒன்று வருவதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை சோதனைக்கூடத்தில் மருமகளிடம் சொன்னேன்.

"அம்மா, நான் தலைகீழா அடுக்கிட்டேன்."

"மாமா, பைப்பெட் பிடிச்சிருக்கும்போது சிரிப்பு காட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சிரிப்பு இல்ல. ஒண்ணு அடியில போயிடுச்சு."

"முந்தாநாள் ஒரு செல் உங்களைப் பார்த்துக் கையாட்டுச்சுன்னீங்க."

"அது வேற விஷயம். அது ஆட்டத்தான் செஞ்சுது."

"போய்த் தாளை வெட்டுங்க மாமா. நாளைக்கு அறிக்கை கொடுக்கணும், தலைக்கு மேல வேலை கிடக்கு."

வெட்டப் போனேன். வெட்டிக்கொண்டே யோசித்தேன். பொய்யில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. பொய் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் அதைத் தேடினால் கிடைக்காது. அங்கே எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள், எல்லாம் ஒழுங்காக இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில்தான் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாத்திரை அடுக்கை எல்லோரும் பார்த்தாயிற்று. மருந்தில்லாத அடுக்கை யாரும் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று கேட்பார்கள், இருக்கிறது என்று எழுதுவார்கள். டெக்னீஷியன் பொண்ணு எட்டுத் தாளுக்கும் நேராக "இருக்கு" என்று எட்டுத் தடவை எழுதி வைத்திருந்தாள்.

கோப்பிலிருந்து அந்த எட்டையும் எடுத்து, மருமகளின் மேசையில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக வைத்தேன். ஒன்றாம் தாளில் ஊதா சலவைக்குப் போய்ப் போய் வந்த துணி மாதிரி இருந்தது. இரண்டில் கொஞ்சம் தேவலை. எட்டாம் தாளில் கத்தரிக்காய்த் தோல்.

"அம்மா, இதுல மருந்தே இல்லையே?"

"இல்ல."

"ஒண்ணு மொட்டைமாடி. எட்டு கிணத்தடி. சரியா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மொட்டைமாடில காத்து வாங்கினவன் சோகை பிடிச்சுக் கிடக்கான். கிணத்தடில மூச்சு முட்டினவன் கொழுகொழுன்னு இருக்கான். இது எந்த ஊரு நியாயம்?"

அவள் ஒன்றாம் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். எட்டாம் தாளைப் பிடித்தாள். பிறகு கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"மூணையும் இப்படித்தான் அடுக்கினீங்களா?"

"மூணையும்."

அடுத்து அவள் சொன்னவற்றை முழுக்க இங்கே எழுதப்போவதில்லை. மாமனாரை மரியாதைப் பன்மையிலேயே அவ்வளவு திட்ட முடியும் என்பது எனக்குப் புதிது. திட்டி முடித்ததும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, அறிக்கை திங்கட்கிழமைதான் வரும் என்றாள். உறைய வைத்த மிச்சச் செல்கள் இன்னொரு தடவைக்குப் போதும். இந்த முறை அவளே அடுக்கினாள். என்னைச் சுவரோரம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள். நின்றேன்.

வீட்டில் விஷயம் வேறு மாதிரிப் போனது.

"அக்கா," என்றான் மச்சினன், "உன் புருஷனுக்கு என் தலையைப் பார்த்தா ஆகல. மாத்திரைன்னு முடிவான பிறகு டிரிப்ஸ்ல கொண்டு வந்து நிறுத்தறார் பாரு."

"ஏங்க, விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றாள் என் மனைவி. "அவன் உசுரோடயா?"

"நான் விளையாடல. மாத்திரை ரெண்டு மாடி இறங்கும். அதுக்குக் கீழ போகாது."

"கீழ இருக்கிறவன் என்ன பண்ணுவான் அத்தான்?" என்றான் மச்சினன்.

"சௌக்கியமா இருப்பான். வசதி பார்த்துட்டு மேல வருவான்."

அவன் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. பிரேக் பிடிக்காத வண்டியில் உட்கார்ந்தவன் மாதிரி அழுத்தினான். அந்த நான்கு நாளும் என்னிடம் சர்க்கரை டப்பாவைக்கூட அக்காள் வழியாகத்தான் கேட்டான். என் மனைவி டப்பாவை நகர்த்தும்போது யார் பக்கமும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மாவின் அறையில் நாலு பேர் இருந்தோம்: அவர், மச்சினன், மருமகள், நான். மருமகள் புதுத் தாள்களைக் கண்ணாடி உறையில் போட்டு மேசையில் பரப்பினாள். மாத்திரைக்கு ஒன்றும் இரண்டும் மட்டும் வெளிறியிருந்தன. மூன்றிலிருந்து எட்டு வரை ஊதா. டிரிப்ஸுக்கு எட்டும் வெளிறியிருந்தன. மருந்தில்லாத அடுக்கில் இந்தத் தடவை ஒன்று கொழுத்து, எட்டு சோர்ந்திருந்தது.

மச்சினன் தாள்களைப் பார்க்கவில்லை.

"டாக்டர், ஒரே கட்டி. ரெண்டு தடவை பார்த்தா ரெண்டு விதமா வருது. மூணாவது தடவை பார்த்தா மூணாவது விதமா வராதா?"

"முதல் தடவை தலைகீழா அடுக்கிட்டதாச் சொல்றாங்களே."

"சொல்றது யாரு? அத்தான். அவரை உங்களுக்குத் தெரியாது."

டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது மாத்திரைக்கு. இது டிரிப்ஸுக்கு. உங்க உடம்பு, நான் கட்டாயப்படுத்த முடியாது. என்னைக் கேட்டா டிரிப்ஸ். இப்ப மாத்திரை எடுத்துட்டு, ஆழத்துல இருக்கிறது திரும்பி வந்துச்சுன்னா, அப்ப டிரிப்ஸுக்கு அது அடங்குமான்னு சொல்ல முடியாது. இன்னிக்கே முடிவு பண்ணுங்க. நாளைத் தள்ள வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஐயா. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

சொன்னேன். முகம் குப்புற ஒன்றை வைத்ததை, அதன் மேல் இரண்டை வைத்ததை, புரட்ட முடியாமல் போனதை, செய்தித்தாள் ஓரத்தில் பார்த்தபோதுதான் உறைத்ததை, மோர் முடியட்டும் என்று இருந்ததை. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்ததும் எனக்கே என்னவோ சட்டை போடாமல் வெளியே வந்தது போல இருந்தது.

மச்சினன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். மூடியபடியே விசாரித்தான்.

"அடுக்கும்போது தாள் ஏதாவது பேசுச்சா?"

"இல்ல."

"இந்தக் கை மாதிரி வேற கை கிடையாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல. டெக்னீஷியன் பொண்ணு இருந்திருந்தா ஒழுங்கா அடுக்கியிருக்கும்."

"அந்தப் பொண்ணு உங்களைவிட நல்லா அடுக்குமா?"

"அடுக்கும்."

கண்ணைத் திறந்தான்.

"தப்பைக் கண்டுபிடிச்சதுக்கு மாலை மரியாதை ஏதாவது?"

"இவ திட்டினா."

"என்னன்னு?"

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் மேசை விரிப்பைப் பார்த்தாள்.

"அறுபத்தெட்டு வயசாகியும் மேல எது கீழ எதுன்னு தெரியாத மனுஷனை உள்ள விட்டது என் தப்புன்னா."

"நீங்க என்ன திருப்பிச் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சரியாத்தானே சொன்னா."

மச்சினன் சட்டைப் பையிலிருந்த சீப்பைத் தொட்டுப் பார்த்தான். பிறகு டாக்டரம்மாவிடம், வண்டியைப் பழுது பார்க்க விட்டவன் மெக்கானிக்கிடம் பேசுகிற குரலில் சொன்னான்:

"நாப்பது வருஷமா இவர் கதையைக் கேக்கறேன் டாக்டர். ஒரு கதையிலகூட இவர் தோத்ததில்ல. கிணத்துல விழுந்தாலும் கையில மீனோடதான் வெளிய வருவார். இதுல முட்டாளாப் போறார், முட்டாளாவே வர்றார். நடுவுல ஒரு பொண்ணு இவரைவிட நல்லா அடுக்கும்ங்கறார். இப்படி ஒரு கதையைக் கட்ட இவருக்கு வராது."

"அப்ப?"

"நடந்திருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

டாக்டரம்மா டிரிப்ஸ் படிவத்தை நகர்த்தினார். அவன் போட்டான். மாத்திரைப் படிவத்தை அவர் இழுப்பறைக்குள் திரும்ப வைக்கும் வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ சாட்சி ஒருத்தர் போடணும்," என்றார் அவர்.

மருமகள் கை நீட்டினாள். மச்சினன் படிவத்தை என் பக்கம் தள்ளினான்.

"அத்தான் போடட்டும்."

அறுபத்தெட்டு வருஷத்தில் என்னை யாரும் எதற்கும் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கோட்டுக்கு மேலே சின்ன எழுத்தில், மேற்கண்ட விவரங்கள் நோயாளிக்கு உண்மையாக எடுத்துச் சொல்லப்பட்டன என்று அச்சிட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். என் கையெழுத்தில் வழக்கமாக மூன்று சுழியும், அடியில் பாம்பு போல் ஒரு நீண்ட கோடும் வரும். அன்றைக்கு அதெல்லாம் வேண்டாமென்று பட்டது. சுழி இல்லாமல், கோடு இல்லாமல், நேராகப் போட்டேன்.

டாக்டரம்மா அதை என் அடையாள அட்டையோடு வைத்துப் பார்த்தார். இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடித்துவிட்டு, மூன்று சுழியும் பாம்பும் வைத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.